பென்சில் டப்பாவில் 11 மாத்திரைகள்

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் தலைப்பைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிட்டார்கள்: ‘பெண்கள், இளையோர் நலவாழ்வில் தொண்டு நிறுவனங்களின் பங்கு’. அந்தப் பங்கைப் புகழ மேடைகளுக்குப் பஞ்சமில்லை. நான் ஒரு பென்சில் டப்பாவிலிருந்து தொடங்குகிறேன்.

களப்பணிக்கு வந்த புதிதில், வளர்இளம் பெண்களுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் வேலை எனக்கு. பெயர், வயது, கையெழுத்து என்று நோட்டுகள் நிரம்பின. மூன்றே மாதத்தில் இலக்கைத் தாண்டினோம், அலுவலகத்தில் கைதட்டினார்கள். அப்புறம் ஒரு நாள் தண்ணீர் கேட்டு ஒரு வீட்டில் உட்கார்ந்தேன். அந்த வீட்டுப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உள்ளே போய்ப் புத்தகப் பையிலிருந்து பென்சில் டப்பாவை எடுத்து வந்து, என் முன்னால் திறந்தாள். எங்கள் மாத்திரைகள். கொடுத்தது 12, இருந்தது 11.

“ஏம்மா சாப்பிடலை?”

“முதல் மாத்திரை போட்ட மறுநாள் மலம் கறுப்பா போச்சுக்கா. உள்ளே ரத்தம் கசியுதோன்னு பயந்துட்டேன்.”

“சரி, அப்படின்னா தூக்கிப் போட்டிருக்கலாமே?”

“நீங்க கணக்கு கேப்பீங்கல்ல, அதான் வச்சிருந்தேன்.”

எங்களிடமிருந்து அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான், நாங்கள் கணக்கு கேட்பவர்கள் என்பது. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுக்கும், அதனால் ஆபத்து இல்லை. வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்கு எங்கள் நோட்டில் கட்டமே இல்லை.

அந்த மாத்திரை இரத்தசோகையைத் தடுக்கத்தான். உலகம் முழுக்க 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காரணம் ஒன்று மட்டும் இல்லை. சத்துக் குறைவு, குடற்புழு, மலேரியா, பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறு, மாதவிடாயில் அளவுக்கு மீறிப் போகும் உதிரம் என்று பல உண்டு. கடைசியாகச் சொன்னதை எந்தக் கருவியும் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லாது, அந்தப் பெண்தான் வாய் திறக்க வேண்டும். முன்பின் பார்க்காத ஒருவர் நோட்டை விரித்துக்கொண்டு, “உங்களுக்கு எத்தனை நாள் போகும்?” என்று வாசலில் நின்று கேட்டால் யார் சொல்வார்கள்? நானே சொல்ல மாட்டேன்.

சொல்லாமல் எவ்வளவு புதைந்து கிடக்கும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் ராணி பங், அபய் பங் என்ற மருத்துவத் தம்பதியர் ‘சர்ச்’ (SEARCH) என்ற தொண்டு அமைப்பை நடத்துகிறார்கள். இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். 92 சதவீதப் பெண்களுக்கு ஏதாவது ஒரு பெண்ணுறுப்பு சார்ந்த நோய் இருந்தது. அதற்கு முன் அதற்காகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் வெறும் 8 சதவீதம். பெண்ணின் உடல்நலம் என்றாலே கர்ப்பமும் பிரசவமும்தான் என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. மற்ற வலிகளை யாரும் கேட்கவில்லை, அதனால் அவர்களும் சொல்லவில்லை.

ஆக, கேட்பது எங்கள் வேலையில் பாதி. மீதிப் பாதி, எதை எண்ணுகிறோம் என்பது. இதில் எனக்குப் பிடித்த உதாரணம் வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனம். 1980-இல் அவர்கள் வீடு வீடாகப் பெண் பணியாளர்களை அனுப்பினார்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க வேண்டிய கரைசலைத் தாய்மாருக்குக் கற்றுத்தருவதுதான் வேலை. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். பாக்கெட் கொடுக்கவில்லை, தாயையே கலக்க வைத்தார்கள்.

பணியாளர்களுக்கு எப்படிச் சம்பளம் கொடுத்தார்கள் என்பதுதான் சங்கதி. எத்தனை வீடு ஏறி இறங்கினாய் என்று பார்க்கவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்கிறாரா என்று சோதிப்பார். தாய்க்கு நினைவிருந்த அளவுக்குத்தான் பணியாளருக்குக் கூலி. மறந்துவிட்டால் குறை தாயுடையது இல்லை, சொல்லிக்கொடுத்தவருடையது. சுமார் 10 ஆண்டுகளில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள்.

அங்கேயும் ஒரு சறுக்கல் உண்டு. தாய்மாருக்கு எல்லாம் மனப்பாடம், ஆனால் குழந்தைக்கு முடியாதபோது பலரும் கரைசலைக் கொடுக்கவில்லை. விசாரித்தால், கற்றுக்கொடுத்த பணியாளர்களில் பலருக்கே அதன்மேல் நம்பிக்கை இல்லையாம். அதோடு வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவே இல்லை. அப்புறம் இரண்டையும் திருத்தினார்கள். பெண்கள் திட்டம் என்று பெயர் வைத்துவிட்டு, வீட்டில் முடிவெடுக்கும் ஆண்களை வாசலோடு விட்டுவிடும் தவறை நாமெல்லாம் இன்றைக்கும் செய்கிறோம்.

இனி மனநலம். 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பெரியவர்களிடம் காணும் மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த வயதுக்காரர்கள் மருத்துவமனை வரிசையில் நிற்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்பதே தப்பு.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்று ஒரு மனநல மருத்துவர். அவரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லை என்றார்கள் வீட்டார். அந்த அடிக்குப் பிறகு, 2006-இல், மனக்கஷ்டத்தோடு வருபவர்களிடம் உட்கார்ந்து பேச 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, தலைநகர் ஹராரேயில் மருத்துவ நிலையங்களுக்கு வெளியே மர பெஞ்சுகளைப் போட்டார். முதலில் அவர் வைக்க நினைத்த பெயர் ‘மனநல பெஞ்சு’. “இந்தப் பெயரைப் போட்டால் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள்” என்று பாட்டிமார்கள் சொல்ல, ‘நட்பு பெஞ்சு’ ஆயிற்று. படித்துப் பட்டம் வாங்கியவருக்குத் தெரியாதது பாட்டிக்குத் தெரிந்திருந்தது. நோயின் பெயரும் அங்கே மக்கள் வாயில் இருக்கும் பெயர்தான், ‘அளவுக்கு மீறி யோசிப்பது’.

இதெல்லாம் கதை என்று நினைக்காதீர்கள். 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்து, பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் 14 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 50 சதவீதம்.

இளையோருடன் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் முதலில் பார்ப்பது உங்கள் பட்டத்தை இல்லை. சொன்னது வெளியே போகுமா என்பதைத்தான். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் இன்னாரிடம் சொல்ல வேண்டியிருக்கும், மற்றபடி உன் பேச்சு என்னைத் தாண்டாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் அது துரோகம் மாதிரி இருக்கும். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடமும் அப்படித்தான். உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளாகிறார். எந்த நேரம் போன் செய்தால் பாதுகாப்பு, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்காமல் எண்ணை வாங்காதீர்கள். நீங்கள் கையில் திணிக்கும் துண்டறிக்கையே அன்று இரவு அடிக்குக் காரணமாகலாம்.

திட்டக்காலம் மூன்று வருடம், அதற்கு மேல் நிதி இல்லை என்ற கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பேசினால் பொழுது விடிந்துவிடும்.

பென்சில் டப்பாவுக்குப் பிறகு நாங்கள் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. நோட்டைத்தான் மாற்றினோம். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு வரி இடம் இருந்தது. அதை அரைப் பக்கம் ஆக்கினோம். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பதை அவள் வார்த்தையிலேயே எழுத வேண்டும். இப்போது ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம் ஆன வேலை முக்கால் மணி நேரம் ஆகிறது. மாதக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஏன் இந்தச் சரிவு என்று நிதி கொடுப்பவர்களிடமிருந்து கடிதம் வந்தது. பதிலோடு, பெயரை மறைத்து, இரண்டு அரைப் பக்கங்களை நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.