நோட்டேஷன் தெரியாத குழுவை நாலு குரலில் பாட வைப்பது எப்படி?

[திரையில்: மாலை நேரம். ஆலயத்துக்குப் பக்கத்து ஹால். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு.]

அக்டோபர் முடியப்போகிறது என்றால் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் ஆலயத்துக்கு ஆலயம் கிறிஸ்துமஸ் பாடகர் குழுவுக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பீடி சுற்றும் அக்கா வருவார், ரிட்டையர்டான டீச்சர் வருவார், பலசரக்குக் கடை அண்ணாச்சி வருவார், காலேஜ் தம்பிகள் நாலைந்து பேர் வருவார்கள். நோட்டேஷன், அதாவது இசைக்குறிப்பு, வாசிக்கத் தெரிந்தவர் அநேகமாக யாரும் இருக்கமாட்டார். அந்தக் குழுவை நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், இந்த வீடியோ உங்களுக்குத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெட்டைச் சொல்லிக்கொடுப்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பாமாலை என்கிற ஞானப்பாட்டுப் புத்தகத்தில் உள்ள பாட்டின் மெட்டு இவர்கள் சின்ன வயதிலிருந்து கேட்டது. தெரியாதது மற்ற மூன்று குரல்கள்: ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்), டெனர் (ஆண்களின் மேல்குரல்), பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்). ஆனால் பெரும்பாலான பயிற்சிகளில் முதல் முக்கால் மணி நேரம் மெட்டுக்கே போய்விடுகிறது. கடைசியில் ஆல்டோக்காரர்களுக்குப் பத்து நிமிடம். அதற்குள் மெட்டு அவர்கள் காதில் நன்றாக ஏறிவிட்டிருக்கும். அப்புறம் எப்படி அவர்களால் வேறு குரலில் நிற்க முடியும்? அதனால் ஆல்டோவில் தொடங்குங்கள்.

[திரையில்: மேலிருந்து கீழே நாலு வரி. மெட்டு: க ரி ச. ஆல்டோ: ப ம க. டெனர்: ச நி ச. பேஸ்: ச ப ச.]

இதைப் பாருங்கள். பல பாட்டுகள் முடியும் இடம் இப்படித்தான் இருக்கும். மெட்டு க, ரி, ச என்று இறங்குகிறது. அதற்குக் கீழே ஆல்டோ ப, ம, க என்று கூடவே இறங்குகிறது. டெனர் ச-விலிருந்து அடுத்திருக்கும் நி-க்கு இறங்கித் திரும்பிவிடுகிறது. பேஸ் ச-விலிருந்து மேலே ப-க்குப் போய் மறுபடி ச. எல்லாம் சங்கராபரண ராகத்தின் சுரங்கள்தான். கீபோர்டில் ச-வை பி ஃபிளாட்டில் (பி-க்கு இடது பக்கத்துக் கறுப்புக் கட்டை) வைத்தால் நாலு பேருக்கும் தொண்டை கஷ்டப்படாது.

முதல் நாள் இந்த மூன்று சுரம் போதும். ஆல்டோவின் ப, ம, க-வை எல்லோரையும் பாடச் சொல்லுங்கள். ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும். வார்த்தை வேண்டாம், 'ஊ' போதும். நன்றாகப் பதிந்ததும் ஆல்டோ மட்டும் பாட, நீங்கள் மெட்டை மெதுவாக, அவர்களுக்கு லேசாகக் கேட்கும் அளவுக்கு மட்டும் பாடுங்கள். தடுமாறினால் உங்கள் சத்தத்தைக் குறையுங்கள். தங்கள் குரலில் உறுதியாக நின்றுவிட்டால் கொஞ்சம் கூட்டுங்கள். அடுத்து பேஸ், பிறகு டெனர். மெட்டு பாடுகிறவர்கள் கடைசியில் சேரட்டும். நாலும் சேர்ந்து அந்தக் கடைசிச் சுரத்தில் வந்து நிற்கும்போது அவர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு அப்புறம் பயிற்சிக்கு வாருங்கள் என்று நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை.

[திரையில்: கை அடையாளங்கள். மூடிய முஷ்டி, தட்டையான உள்ளங்கை, மேலே காட்டும் ஆள்காட்டி விரல்.]

இப்படிச் சுர எழுத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பது நமக்குப் புதிதல்ல. பழைய குழுக்களில் இருந்தவர்கள் சொல்ஃபா நோட்டேஷன் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை உருவாக்கி 1835-இல் புத்தகமாக வெளியிட்ட முறை அது. ஜான் கர்வென் என்ற போதகர் அதை வளர்த்தார். 1870-இல் கை அடையாளங்களையும் சேர்த்தார். முஷ்டியை மூடினால் டோ, உள்ளங்கையைத் தரையைப் பார்த்து வைத்தால் மீ, ஆள்காட்டி விரல் மேலே காட்டினால் டீ. சாதாரண சபை மக்களும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகளும் பாட வேண்டும் என்பதற்காகவே உழைத்த மனிதர்கள் இவர்கள். இதில் டோ எந்தச் சுருதியிலும் வரலாம், நம் ச போலவே. அதனால் டோ ரே மீ என்றாலும் சரி, ச ரி க என்றாலும் சரி, வேலை ஒன்றுதான். நம் ஊர் ஆட்களுக்கு எது வாயில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, சுருதி சேராதவர்கள். எல்லாக் குழுவிலும் ஒருவராவது இருப்பார். தயவுசெய்து அவரை வாயசைக்க மட்டும் சொல்லாதீர்கள். பலருக்குக் காதில் குறையே இருக்காது. தன் குரல் எங்கே இருக்கிறது என்று பழக்கமில்லை, அவ்வளவுதான். "அண்ணாச்சி, உங்களுக்கு வசதியான இடத்தில் ஒரு 'ஊ' சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் எந்தச் சுரத்தில் சொல்கிறாரோ, அங்கே நீங்கள் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு குரலும் ஒன்றாவதை அவர் உடம்பிலேயே உணர்வார். அங்கிருந்து ஒரு சுரம் மேலே போங்கள், அவரும் வருவார். கீபோர்டில் தட்டிக் காட்டுவதைவிட மனிதக் குரலைப் பிடிப்பது அவருக்கு எளிது. உட்காரும்போது சுருதி சுத்தமான ஒருவருக்கு முன்னால் அவரை உட்கார வையுங்கள். பின்னாலிருந்து வரும் குரல் நேரே காதில் விழும்.

வார்த்தைக்கு வருவோம். பாமாலையில் நிறையப் பாட்டுக்கு மெட்டு வெளிநாட்டிலிருந்து வந்தது. மெட்டு நீளும் இடத்தில் தமிழில் குறில் வந்து உட்கார்ந்திருக்கும். கவனிக்காமல் இழுத்தால் 'வரம்' 'வாரம்' ஆகிவிடும். அதனால் பாடுவதற்கு முன் வரிகளைத் தாளத்தோடு ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். இடறும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அங்கே சத்தத்தைத் தணித்துப் பாடச் சொல்லுங்கள். நம் ராகத்திலேயே எழுதிய கீர்த்தனைகளில் இந்தத் தொல்லை குறைவு. வரி கடைசியில் 'ம்', 'ன்' வந்தால் உங்கள் கை மூடும்போது எல்லோரும் சேர்ந்து முடிக்க வேண்டும். இல்லையென்றால் ஆளுக்கொரு பக்கம் முணுமுணுப்பு கேட்கும்.

மூச்சுக்கு ஒரே விதி. நீண்ட வரியில் பக்கத்தில் இருப்பவர் மூச்செடுக்கும்போது நீங்கள் எடுக்காதீர்கள். இதைத் தெரிந்துகொண்டால் இருபது பேர் குழுவில் வரி அறுபடவே அறுபடாது.

[திரையில்: பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம். உள்ளே நீண்ட நடுவழி.]

கடைசியாக, பாடும் இடம். 1826-இல் பிரதிஷ்டையான நம் ஊசிக் கோபுர ஆலயம் மாதிரிப் பெரிய ஆலயங்களில், பின்னால் இருக்கும் சபையார் இழுத்துப் பாடுவது போலவே தோன்றும். எல்லாம் அவர்கள் தவறல்ல. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு உங்கள் பாட்டு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகப் போகிறது. அவர் குரல் உங்களிடம் திரும்ப இன்னொரு பத்தில் ஒரு பங்கு. இந்தத் தாமதத்துக்கு நீங்கள் காத்திருந்தால் அவர்கள் இன்னும் பின்தங்குவார்கள், பாட்டு சரணத்துக்குச் சரணம் மெதுவாகிக்கொண்டே போகும். குழுவினர் காதை நம்பாமல் உங்கள் கையைப் பார்க்க வேண்டும். அதற்குக் கடைசி வாரமாவது புத்தகத்தைக் கையில் வாங்கி வைத்துவிட்டுப் பயிற்சி நடத்துங்கள். முடிந்தால் ஒரு பயிற்சியை ஆலயத்துக்குள்ளேயே, அவர்கள் நிற்கப்போகும் இடத்திலேயே வையுங்கள். அதிகாலை ஆராதனை என்றால் குரல் இறங்கியிருக்கும். கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனில் ஒரு சுரம் குறைத்துக்கொண்டு தொடங்குங்கள்.