முகாமுக்கு ஒரு பட அட்டை
(ஏற்காட்டில் நடந்த மாற்றுத்திறனாளிகள் தின விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வட்டாட்சியர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, மைக்கும் பந்தலும் போட்டுக்கொடுத்த வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர்களே, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்திருக்கும் பேச்சுப் பயிற்சியாளர்களே, முன்வரிசைப் பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

இரண்டு விஷயம் பேச வந்தேன். பேச்சு வராதவர்களுக்குச் சட்டம் என்ன தந்திருக்கிறது, பேரிடர் வந்தால் அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது.

‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பார்கள். சரி, பேச்சு வராத பிள்ளை? காது கேட்காதவர், பக்கவாதத்தில் பேச்சு போனவர், மூளை முடக்குவாதத்தால் நாக்கு ஒத்துழைக்காதவர், ஆட்டிசம் உள்ளவர், இவர்கள் யாருமே சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் அல்ல.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு அடைமழை. மலையில் மண் சரிந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு பெரியவர். காபித் தோட்டத்தில் வேலை பார்த்தவர், பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. சொட்டச் சொட்ட நனைந்து வந்தவருக்கு மாற்றுச் சட்டை கொடுத்தார்கள். போட்டுக்கொண்டார். அப்புறம் நெஞ்சைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுத்தார்கள், தள்ளிவிட்டார். டீ கொடுத்தார்கள், அதையும் தள்ளிவிட்டார். “ஐயோ, நெஞ்சுவலி” என்று ஒருவர் சத்தம் போட, 108-க்குப் போன் பறந்தது. பெரியவர் தலையைத் தலையை ஆட்டுகிறார், கண்ணில் நீர் முட்டுகிறது. ஆறாவது படிக்கிற ஒரு பெண் பிள்ளை நோட்டை எடுத்து வந்து படம் போட்டாள். வீடு போட்டாள், இல்லை என்றார். ஆடு போட்டாள், இல்லை. ஒரு ஆளை வரைந்து, சட்டை போட்டு, சட்டைக்குப் பையும் போட்டாள். பெரியவர் அந்தப் பையின் மேல் விரலை வைத்து அழுத்தினார்! கொடியில் காய்ந்துகொண்டிருந்த பழைய சட்டையை எடுத்துப் பார்த்தால், பையில் அவருடைய பிரஷர் மாத்திரை. (கைதட்டல்)

‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’. அன்றைக்கு அவருக்கு வாயாக இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம்.

சட்டத்துக்கு வருகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பேச்சு, மொழிக் குறைபாடும் அதில் உண்டு. அதன் 8-ஆவது பிரிவு பேரிடருக்கானது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரத்தைப் பதிவு செய்து வைக்க வேண்டும், ஆபத்து வந்தால் அவர்களுக்குத் தெரியும்படி தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 11-ஆவது பிரிவும் பேரிடரில் அவர்களுக்குப் பாதுகாப்பு கேட்கிறது. 2007-லேயே இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் மைக் கட்டிய ஜீப்பில் எச்சரிக்கை சொன்னால் காது கேட்காதவருக்கு எப்படிப் போய்ச் சேரும்?

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் மலைப்பாதையில் மண் சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அடுத்த மழைக்குள் சேர்வராயன் மலையில் முகாமாகப் பயன்படும் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பட அட்டை தொங்க வேண்டும். தண்ணீர், சாப்பாடு, மாத்திரை, கழிப்பறை, குடும்பம், போன் என்று படங்கள்; வலி எங்கே என்று காட்ட ஒரு மனித உருவம்; ஆமாம், இல்லை; கீழே தமிழ் எழுத்துகள். லேமினேஷன் போட்டால் மழையிலும் நனையாது. வட்டாட்சியர் ஐயா இங்கேயே இருக்கிறார், அதனால் அவரிடமே கேட்டுவிடுகிறேன்: பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் “இவரிடம் எப்படிப் பேசுவது” என்று ஒரு கட்டமும் போட்டுக் கொடுங்கள்.

வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். மனு வாசல் மேஜையில் இருக்கிறது, மாதிரி அட்டையும் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் படம் குறைகிறது என்று அவர்கள் காட்டட்டும், அச்சுக்குப் போவதற்குள் சேர்த்துவிடலாம்.