டிராக் ரேஸ்ல அந்தப் புருவம் எங்க போகுது?

(திரையில்: கண்ணாடி முன்னாடி ஒரு முகம். வலது பக்கம் அடர்த்தியான புருவம், இடது பக்கம் வழுவழுன்னு நெத்தி.)

வணக்கம். "ரூபால்ஸ் டிராக் ரேஸ்" 2009 பிப்ரவரியில அமெரிக்காவுல ஆரம்பிச்ச டிவி போட்டி. டிராக்னா, பெரும்பாலும் பெண் வேஷம் கட்டி, மிகையான மேக்கப்பும் உடுப்புமா மேடை ஏறுற கலை. வாராவாரம் ஒரு சவால், ஒரு மேடை நடை, அந்த வாரம் மோசமா செஞ்ச ரெண்டு பேருக்கு, ஓடுற பாட்டுக்கு வாயசைக்கிற உதட்டசைப்புப் போட்டி. அதுல தோத்தவங்க வீட்டுக்குக் கிளம்பணும். இதெல்லாம் ரசிகர்களுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா அந்த முகம் எப்படி வருதுன்னு தெரிஞ்சா, நடுவர்கள் ஏன் சிலரைத் திட்டுறாங்கன்னு சட்டுன்னு பிடிபடும்.

பொதுவா ஆம்பளை முகத்துல புருவம் கண்ணை ஒட்டித் தாழ்வா இருக்கும். ஐஷேடோ போட இடம் பத்தாது. அதனால சொந்தப் புருவத்தைப் பசையால மறைச்சுட்டு, அரை அங்குலம் மேலே புதுசா வரையிறாங்க.

(திரையில்: கூத்து வேஷம், முகத்துக்கு அரிதாரம் பூசும் கைகள்.)

நம்ம வட ஆற்காட்டுக் கூத்துல பெண் வேஷம் கட்டுறவங்க பொடியைத் தேங்காய் எண்ணெயில குழைச்சுப் பூசுவாங்க. விடிய விடிய தூரத்துல உட்கார்ந்து பார்க்கிற சனங்களுக்கான முகம் அது. டிராக் ரேஸ்ல கேமரா மூஞ்சிக்குக் கிட்டவே வந்துடும். எண்ணெய் கை பழகினவங்க இங்கதான் சறுக்குவாங்க: எண்ணெய் பட்ட புருவத்துல பசை நிக்கவே நிக்காது.

இன்னொண்ணும் சொல்லிடணும். பெண் வேஷம் கட்டினா திருநங்கைன்னு அர்த்தம் இல்லை. டிராக்னா ஆம்பளைங்க மட்டும்தான்னும் இல்லை. 2023ல 15வது சீசனை ஜெயிச்ச சாஷா கோல்பி ஒரு திருநங்கை. அவங்களை "அவன்"னு எழுதுறது தப்பு.

(திரையில்: புருவம் மட்டும், மிக அருகில்.)

இப்ப புருவத்துக்கு வருவோம். சோப்பு போட்டுக் கழுவி, நல்லா காய விடுங்க. தண்ணியில கரையிற, குழந்தைங்க பள்ளிக்கூடத்துல வச்சிருக்கிற பசைக் குச்சி போதும். மரத்துக்கு, செருப்புக்கு ஒட்டுற பசை வேண்டவே வேண்டாம். முந்தின நாளே முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி, அரிப்பு வருதான்னு பார்த்துடுங்க.

முதல்ல முடி வளர்ற திசைக்கு எதிரா தேய்ங்க, பசை வேர் வரைக்கும் போகும். அப்புறம் சின்ன பிரஷ்ஷால மேல்பக்கமா சீவி, தட்டையா அழுத்துங்க. மெல்லிசா மூணு பூச்சு. ஒவ்வொண்ணும் தொட்டா கையில ஒட்டாத அளவுக்குக் காயணும். அவசரப்பட்டு ஈரத்து மேல அடுத்ததைப் பூசினா, உள்ளே ஈரம் தங்கி, ஒரு மணி நேரத்துல அப்பளம் மாதிரி உப்பிக்கும். கடைசிப் பூச்சு மேல பவுடரை ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க.

அடுத்தது நிறம். கறுப்பு முடி மேல நேரா ஃபவுண்டேஷன் போட்டா சாம்பல் பூத்துத் தெரியும். அதனால அதுக்கு அடியில, கறுப்பை மறைக்கிற ஒரு நிறத்தை முதல்ல பூசணும். அமெரிக்க வீடியோக்கள்ல வெள்ளைத் தோலுக்குக் காட்டுற வெளிர் பீச் கலர் நம்ம மாநிறத்துக்கு எடுபடாது. அடர் ஆரஞ்சு, இன்னும் கறுப்பா இருந்தா செங்கல் சிவப்பு. தாடி நிழலுக்கும் இதேதான்.

வேலூர் வெயில் தனிப் பிரச்சினை. தண்ணியில கரையிற பசை வேர்வையிலயும் கரையும். கத்திரி வெயில்ல காட்பாடி மொட்டை மாடி ரூம்ல ஃபேன் மட்டும் போட்டுக்கிட்டு இதைச் செஞ்சா, புருவ நுனியில இருந்து பிரிய ஆரம்பிக்கும். சாயங்காலம் வெயில் தாழ்ந்து உட்காருங்க. விக்கைக் கடைசியா மாட்டுங்க, அதுதான் வேர்வையைக் கிளப்பும்.

பெண் வேஷத்துக்கு இடுப்பு வளைவா தெரிய உள்ளே வைக்க, குஷன் கடையில கிடைக்கிற ரெண்டு அங்குல ஃபோம் போதும். ஓரத்தைக் கத்தரியால சரிச்சுச் சரிச்சு, காகிதம் மாதிரி மெலிசாக்கணும். அதை விட்டா உடுப்புக்கு மேல வரி விழும். அதுக்கு மேல ரெண்டு மூணு டைட்ஸ்.

உதட்டசைப்புல வாய் மட்டும் ஒத்துப்போனா பத்தாது, மூச்சும் ஒத்துப்போகணும். பாடகி மூச்சிழுக்கிற இடத்துல உங்க நெஞ்சும் ஏறணும். 2017ல, 9வது சீசன் இறுதியில, விட்னி ஹூஸ்டன் பாட்டுக்கு, போட்டியாளர் சாஷா வெலூர் விக்கைத் தூக்கினதும் ரோஜா இதழ் கொட்டிச்சே, அது பாட்டு உச்சத்துக்கு ஏறின இடம். அதனாலதான் அது இன்னைக்கும் பேசப்படுது. செஞ்சு பார்க்கிறவங்க பூக்கடை இதழை நிழல்ல பரப்பி ஈரம் போக்கிடுங்க. ஈர இதழ் கட்டியா விழும்.

கழட்டும்போது பசையை உரிக்காதீங்க, முடி வேரோட வந்துடும். மேல இருக்கிற மேக்கப்பை முதல்ல தேங்காய் எண்ணெயால துடைச்சு எடுங்க. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணியை அஞ்சு நிமிஷம் வச்சிருங்க. பசை குழைஞ்சதும், முடி வளர்ற திசையிலயே வழிச்சு எடுங்க.