அரசு தவறு செய்தால் அபராதம் யாருக்கு? ஐரோப்பிய ஏஐ சட்டமும் நாடுகளின் கண்காணிப்பும்

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) சட்டத்தை அமல்படுத்துவது யார் என்ற கேள்விக்கு விடை தேட, முதலில் நெதர்லாந்துக்குச் செல்வோம்.

குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை கோருவோரில் யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்று கணிப்பதற்கு அந்நாட்டு வரித்துறை ஓர் அல்காரிதத்தை, அதாவது கணினிக் கணிப்பு முறையை, பயன்படுத்தியது. விண்ணப்பித்தவர் டச்சுக் குடியுரிமை உள்ளவரா என்பதும் அதில் ஓர் அளவுகோலாக இருந்தது. மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்ட பெற்றோர், வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டும்படி நெருக்கப்பட்டுக் கடனில் மூழ்கினர். இதனால் 2021 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் அரசு பதவி விலகியது. அதே ஆண்டு டிசம்பரில், அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வரித்துறைக்கு 27.5 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. அதற்குள் பல குடும்பங்கள் சிதைந்துவிட்டிருந்தன.

இப்படித் தாமதமாகத் தலையிடும் நிலையை மாற்றத்தான் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் முயல்கிறது. உதவித்தொகைக்குத் தகுதி உள்ளவர் யார் என்று மதிப்பிட அரசுத் துறைகள் பயன்படுத்தும் ஏஐ அமைப்புகளை அது உயர் ஆபத்துப் பட்டியலில் வைக்கிறது. பலவகை வேலைகளுக்கும் பயன்படும் பொதுப் பயன்பாட்டு ஏஐ மாதிரிகளைப் பிரஸ்ஸல்ஸிலுள்ள ஐரோப்பிய ஆணையத்தின் ஏஐ அலுவலகம் கவனிக்கும். ஏனையவற்றில் பெரும்பகுதி அந்தந்த நாட்டின் பொறுப்பு. இதற்காக ஒவ்வோர் உறுப்பு நாடும் ஏஐ அமைப்புகள் சட்டப்படி இருக்கின்றனவா என்று சோதிக்கும் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு குறைந்தது ஒன்றையேனும் 2025 ஆகஸ்ட் 2-க்குள் நியமிக்க வேண்டும் என்று சட்டம் கெடு விதித்தது. ஸ்பெயின் முன்கூட்டியே, 2023-இலேயே, அ கொருன்யா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு தனி முகமையை உருவாக்கியிருந்தது.

இந்தக் கண்காணிப்பு அமைப்புகள் ஆவணங்களையும் பயிற்சித் தரவுகளையும் கேட்டுப் பெறலாம். அவை போதாதபோது, உயர் ஆபத்து ஏஐ அமைப்புகளின் மூல நிரலையே, அதாவது மென்பொருளை உருவாக்கும் கட்டளை வரிகளையே, திறந்து காட்டச் சொல்லலாம். என் பார்வையில், அபராதத்தைவிட வலிமையான அதிகாரம் இதுதான். ஆனால் நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் நிபுணர்கள் அலுவலகத்தில் இல்லையென்றால் அந்த அதிகாரம் காகிதத்தோடு நின்றுவிடும். ஆகவே, போதிய நிபுணர்களும் நிதியும் தருவதை அரசுகளின் கடமையாகவே சட்டம் எழுதிவைத்திருக்கிறது.

தடைசெய்யப்பட்ட பயன்பாடுகளுக்கு, நிறுவனங்கள் மீது 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். அரசுத் துறைகளுக்கு அபராதம் விதிக்கலாமா, எவ்வளவு விதிக்கலாம் என்பதை மட்டும் அந்தந்த நாடே தீர்மானித்துக்கொள்ளச் சட்டம் விட்டுவிட்டது. எனக்குக் கவலை தருவது இந்தப் பிரிவுதான். ஏனெனில், நெதர்லாந்தில் அந்த அல்காரிதத்தை இயக்கியது எந்தத் தனியார் நிறுவனமும் அன்று, ஓர் அரசுத் துறை.