எண்ணெய்க் கறை படிந்த நோட்டுப்புத்தகம்

வணக்கம், நேயர்களே. சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்தில் கார் பழுதுபார்க்கும் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் நான். அதைவிட நீண்ட காலமாக என்னைப் பிடித்து வைத்திருப்பது ரேலிப் பந்தயம்.

கார்ப் பந்தயம் என்றதும் நமக்கு மரீனா பே இரவு விளக்குகள் நினைவுக்கு வரும். ரேலி வேறு. மழை ஓய்ந்த பிறகு ஜோகூர்ப் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் கார் ஓட்டியவர்களுக்குப் புரியும். ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பும், கார் வேறு பக்கம் போகும். அப்படிப்பட்ட பாதையில், பக்கத்தில் இருப்பவர் வளைவுகளை ஒவ்வொன்றாக வாசிக்க, கடிகாரத்தை எதிர்த்துப் பறப்பதுதான் ரேலி. 2002இல் மலேசியாவின் கரம்ஜித் சிங் புரோட்டோன் காரில் உற்பத்திக் கார் பிரிவின் உலகப் பட்டத்தை வென்றார். அன்று எங்கள் பட்டறையில் வேலையே ஓடவில்லை.

சரி, ஒரு கார் நிறுவனம் புதிதாக உலக ரேலியில் இறங்கினால் எங்கே இடறும்? பணத்தைச் சொல்வார்கள், இன்ஜினைச் சொல்வார்கள். பணமும் நல்ல பொறியாளர்களும் இருந்தால் இன்ஜினைச் செய்துவிடலாம். அவர்களிடம் இல்லாதது நோட்டுப்புத்தகம்.

என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. எந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியதும் எந்தச் சத்தம் போடும் என்று எண்ணெய்க் கையோடு எழுதி வைப்பேன். புதிய மாடல் வந்தால் அதற்குரிய பக்கம் காலியாக இருக்கும். நிறுவனம் கையேடு தரும், உண்மைதான். ஆனால் அந்த வண்டி டாக்சியாக ஓடித் தேய்ந்து திரும்பி வந்தால்தான் என் பக்கம் நிரம்பும்.

மான்டி கார்லோ ரேலியைப் பாருங்கள். ஒரே மலைப்பாதையில் கீழே உலர்ந்த தார், நடுவில் ஈரம், உச்சியில் பனிக்கட்டி. எந்த டயர் போட்டாலும் ஏதோ ஓரிடத்தில் அது தவறான டயர். எந்த இடத்தில் தவறாக இருந்தால் நஷ்டம் குறைவு என்பது பழைய அணிகளின் நோட்டில் இருக்கும். புதிய அணிக்கு அந்தப் பக்கம் காலி.

ஹூண்டாயின் புதிய அணி 2014இல் அங்கேதான் களமிறங்கியது. அதன் ஓட்டுநர் தியெரி நூவில், நேரம் கணக்கிடப்படும் பாதைக் கட்டங்களில் முதலாவதிலேயே மோதினார். அணியின் இரண்டு கார்களுமே முடிவுக்கோட்டைப் பார்க்கவில்லை.

இரண்டு ரேலிகள் கழித்து மெக்சிகோ. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. நூவில் மூன்றாம் இடத்தில் இருக்கிறார், கடைசிக் கட்டமும் முடிந்துவிட்டது. காரைச் சாதாரணச் சாலையில் ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. ரேடியேட்டர் ஒழுகுகிறது! வழியில் மெக்கானிக் தொடக்கூடாது. ஓட்டுநரும் இணை ஓட்டுநரும் காரில் இருப்பதை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். காரில் இருந்தது, ரேலிக்காரர்கள் பரிசாகக் கொடுத்த பெரிய பீர் பாட்டில். அதைத் திறந்து ரேடியேட்டரில் ஊற்றினார்கள். கார் போய்ச் சேர்ந்தது. முதல் மூன்று இடக்காரர்கள் ஏறும் பரிசு மேடையில் அணியின் முதல் ஏற்றம் அது. ரேடியேட்டர் வேலையிலேயே பாதி வாழ்க்கை கழித்தவனுக்கு அதைப் படித்தபோது கண் கலங்கியது. எந்தக் கையேட்டிலும் இல்லாத பாடம், அன்று அவர்கள் நோட்டில் ஏறியது.

அதே ஆண்டு ஆகஸ்ட், ஜெர்மனி. ரேலி தொடங்குமுன் நடக்கும் சோதனை ஓட்டத்தில் நூவிலின் கார் திராட்சைத் தோட்டத்துக்குள் பலமுறை உருண்டது. மெக்கானிக்குகள் இரவெல்லாம் உட்கார்ந்து அதை நிமிர்த்தினார்கள். முன்னணியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தடம் புரள, ஹூண்டாய் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது. வெற்றி வந்துவிட்டது. ஆனால் அணிப் பட்டம் 2019இல்தான் வந்தது. நூவில் உலக வெற்றியாளரானது 2024இல். நோட்டு நிரம்ப அத்தனை காலம்.

ஃபோக்ஸ்வாகன் வேறு வழி பார்த்தது. 2012 முழுவதும் தன் குழும நிறுவனமான ஸ்கோடாவின் காரை ஓட்டிப் பாதைகளைப் படித்தது. 2013இல் போலோவோடு வந்தது, இரண்டாவது ரேலியிலேயே வென்றது, நான்கு ஆண்டு யாரையும் பட்டத்தின் அருகில் விடவில்லை. 2016 முடிவில் விலகியபோது அதன் ஓட்டுநர் லாட்வாலா டொயோட்டாவுக்குப் போனார். 2017இல் திரும்பி வந்த டொயோட்டாவும் இரண்டாவது ரேலியிலேயே வென்றது! நோட்டு ஆளோடு சேர்ந்து போகிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

நிர்வாகக் குழுவின் பொறுமையும் வேண்டும். சுசுகி 2008இல் ஒரே ஒரு முழுப் பருவம் ஓடியது. உலகப் பொருளாதாரம் சரிந்தது, டிசம்பரில் மூட்டை கட்டியது. முதல் சில பக்கங்கள் எழுதிய நோட்டை மூடி வைத்ததுபோல் அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

நேரம் நெருங்குவதாகத் தயாரிப்பாளர் கைகாட்டுகிறார். 2027 விதிகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். காரின் விலைக்கு 3,45,000 யூரோ உச்சவரம்பு. கார் நிறுவனம் மட்டுமல்லாமல் தனிப் பட்டறைகளும் கார் கட்டலாம். பட்டறைக்காரனாக எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி. புதிய அணி ஏதாவது வந்தால், தொலைக்காட்சியில் காரை மட்டும் பார்க்காதீர்கள். மாலையில் பழுதுபார்க்க 45 நிமிடம் கொடுப்பார்கள், அப்போது கூடாரத்துக்குள் அந்த மெக்கானிக்குகளின் கைகளைப் பாருங்கள். நன்றி, வணக்கம்.