இண்டிபெண்டன்ட்: சொல்லுக்குள் ஒரு கயிறு

நேயர்களுக்கு வணக்கம்.

அலுவலகத்தில் ஒரு கோப்பு நகராமல் கிடந்தால் 'பெண்டிங்' என்கிறோம். ஊழியரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தால் 'சஸ்பெண்ட்'. சுவர்க் கடிகாரத்தில் ஆடுவது 'பெண்டுலம்'. மூன்றுக்கும் லத்தீனில் ஒரே வேர், தொங்குவது என்று பொருள். நாமும் 'விஷயம் தொங்கலில் இருக்கிறது' என்றுதானே சொல்கிறோம்? 'டிபெண்ட்' என்றால் ஒன்றைப் பற்றித் தொங்குவது. அப்படி எதிலும் தொங்காதது 'இண்டிபெண்டன்ட்'.

'சுதந்திரமான' என்று மட்டும் இதற்குப் பொருள் படித்தவர்கள், 'இன்றைக்கு மாலை நான் இண்டிபெண்டன்ட்' என்று சொல்லிவிடுவது உண்டு. மாலையில் வேலை ஒன்றும் இல்லை என்பதற்கு 'ஃப்ரீ' போதும். இண்டிபெண்டன்ட் என்று சொல்ல வேண்டுமானால், இல்லாத அந்தக் கயிறு எது என்பது தெரிய வேண்டும். கயிறு மாறினால் பொருத்தமான சொல்லும் மாறிவிடும்.

நாடுகளை எடுத்துக்கொள்வோம். இலங்கை 1948 பிப்ரவரி 4 அன்று இண்டிபெண்டன்ட் ஆனது. ஆனாலும் பிரிட்டிஷ் முடியே நாட்டின் தலைமையில் நீடித்தது. 1972இல் குடியரசு ஆனபோது வந்த அரசியலமைப்பு, ஆங்கிலத்தில் 'ஃப்ரீ, சாவரின், இண்டிபெண்டன்ட்' என்று மூன்று சொற்களை வரிசையாக வைத்தது. 'ஃப்ரீ' என்றால் அடிமைப்படாதது. 'இண்டிபெண்டன்ட்' என்றால் இன்னொரு நாட்டைச் சாராதது. 'சாவரின்' என்றால் தனக்கு மேல் வேறு அதிகாரம் இல்லாதது, தமிழில் இறையாண்மை. இந்தியாவிலும் இந்த நுட்பம் ஒரு காலத்தில் பெரிய விவாதம். 1928இல் வந்த மோதிலால் நேரு அறிக்கை டொமினியன் தகுதியைக் கேட்டது, அதாவது பிரிட்டிஷ் முடியை ஏற்றுக்கொண்டே நம்மை நாமே ஆள்வது. அது போதாது என்று 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் 'பூர்ண சுவராஜ்' என்றது. ஆங்கிலத்தில் 'கம்ப்ளீட் இண்டிபெண்டன்ஸ்'. அந்த 'கம்ப்ளீட்' வெறும் அலங்காரம் அல்ல. பிரிட்டிஷ் முடியோடு இருந்த கடைசிக் கயிற்றையும் அறுப்பதற்காகச் சேர்த்த சொல்.

அடுத்தது 'ஆட்டோனமஸ்'. அதிகம் குழப்புவது இதுதான். கிரேக்கத்தில் 'ஆட்டோ' என்றால் தான், 'நோமோஸ்' என்றால் சட்டம். தன் விதியைத் தானே வகுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு பெரிய அமைப்புக்கு உள்ளேயே இருக்கும். நம் ஊர்த் தன்னாட்சிக் கல்லூரியைப் பாருங்கள். பாடத்திட்டம் அதனுடையது, வினாத்தாளும் தேர்வும் அதனுடையது. பட்டம் தருவது மட்டும் பல்கலைக்கழகம். ஆகவே அது ஆட்டோனமஸ், இண்டிபெண்டன்ட் ஆகாது. தமிழ்நாடு சட்டப்பேரவை 1974இல் நிறைவேற்றிய மாநில சுயாட்சித் தீர்மானத்துக்கும் ஆங்கிலத்தில் 'ஸ்டேட் ஆட்டோனமி' என்பதே சொல். அந்த இடத்தில் 'இண்டிபெண்டன்ஸ்' என்று மொழிபெயர்த்தால் கூட்டாட்சிக்குள் உரிமை கேட்பது தனிநாடு கேட்பதாக மாறிவிடும். செய்தி மொழிபெயர்ப்பாளர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

'செல்ஃப் சஃபீஷியன்ட்' தன்னிறைவு. பொருள் வெளியிலிருந்து வரத் தேவையில்லை: உணவு தானியத்தில், மின்சாரத்தில், தண்ணீரில். இதனோடு 'இன்' சேரும். 'செல்ஃப் ரிலையன்ட்' தற்சார்பு. வெளியிலிருந்து வாங்கலாம், ஆனால் தன் பலத்தை நம்பி நிற்பது. இரண்டையும் ஒன்றாக எழுதுபவர்கள் அதிகம்.

விசாரணை என்று வரும்போது 'இண்டிபெண்டன்ட் என்கொயரி' கேட்கிறோம். விசாரிப்பவர் சம்பந்தப்பட்டவர்களின் கீழ் வேலை செய்பவராக இருக்கக் கூடாது என்பதே அதன் பொருள். அவர் நடுநிலையாக நடப்பாரா என்பது தனிக் கேள்வி. அதற்குச் சொல் 'இம்பார்ஷியல்'. முன்னது பதவியைப் பற்றியது, பின்னது மனத்தைப் பற்றியது.

இனி இலக்கணம். தேர்வுத்தாளில் மதிப்பெண் போகும் இடம் இதுதான். 'டிபெண்டன்ட்' என்றால் பின்னால் 'ஆன்'. 'இண்டிபெண்டன்ட்' என்றால் பின்னால் 'ஆஃப்'. 'இண்டிபெண்டன்ட் ஆன்' என்று ஒருபோதும் வராது. ஒரு நாடு இன்னொரு நாட்டின் ஆட்சியிலிருந்து விடுபட்டதைச் சொல்லும்போது 'ஃப்ரம்' வரும். 'இண்டிபெண்டன்ஸ்' என்ற பெயர்ச்சொல்லுக்கும் பெரும்பாலும் 'ஃப்ரம்'தான்.

எழுத்துக்கூட்டலையும் கேளுங்கள். கடைசி நான்கு எழுத்து: டி, இ, என், டி. 'இ' இருக்கும் இடத்தில் 'ஏ' போட்டால் எப்போதும் பிழை. இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. பிரிட்டிஷ் வழக்கில், ஒருவரை அண்டி வாழும் குடும்பத்தினரைக் குறிக்கும் 'டிபெண்டன்ட்' என்ற பெயர்ச்சொல்லுக்கு 'ஏ' உண்டு. விசா விண்ணப்பங்களில் அதைப் பார்த்தவர்கள் இங்கேயும் போட்டுவிடுகிறார்கள். உச்சரிப்பில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை, எனவே காது உதவாது. அழுத்தம் 'பெண்' என்ற அசையில் விழ வேண்டும். நான்கு அசையையும் சமமாகச் சொல்வது நம் பழக்கம்.

இன்னொன்று, 'வெரி'. மனிதருக்கு 'வெரி இண்டிபெண்டன்ட்' சரி. விட்டுக்கொடுக்காத தன்மையைச் சொல்ல 'ஃபியர்ஸ்லி இண்டிபெண்டன்ட்' இன்னும் இயல்பு. நாட்டுக்கோ வேட்பாளருக்கோ 'வெரி' ஒட்டாது. ஒரு வேட்பாளர் சுயேச்சை அல்லது சுயேச்சை இல்லை, அவ்வளவுதான். தேர்தலில் இது பெயர்ச்சொல்லாகவும் வரும்: 'ஆன் இண்டிபெண்டன்ட்'.

நம் வீட்டு விளம்பரங்களில் வரும் 'இண்டிபெண்டன்ட் ஹவுஸ்' இந்திய ஆங்கிலம். இங்கே யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் லண்டனில் வீடு தேடுபவர் 'டிடாச்ட் ஹவுஸ்' என்றுதான் கேட்க வேண்டும். அங்கே 'இண்டிபெண்டன்ட் ஸ்கூல்' என்றால் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி.

வேலை விண்ணப்பத்தில் 'ஐ கேன் வொர்க் இண்டிபெண்டன்ட்லி' என்று எழுதுங்கள். கடைசி 'லி' விட்டுப்போனால் வாக்கியம் உடைந்துவிடும். அதையே 'அலோன்' என்று எழுதினால், மேற்பார்வை இல்லாமலே வேலை பார்ப்பவர் என்பது போய், தனியாக வேலை பார்ப்பவர் என்றாகிவிடும். முதியவர்களைப் பற்றிப் பேசும்போதும் இதே வேறுபாடு. எண்பது வயதுப் பாட்டி மகன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கலாம். தானே குளித்து, தானே மருந்து எடுத்துக்கொண்டு, தானே கடைக்குப் போய்வந்தால் ஆங்கிலத்தில் அவர் 'இண்டிபெண்டன்ட்'. பேச்சில் இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம்: 'ஷி மேனேஜஸ் ஆன் ஹர் ஓன்'. நன்றி, வணக்கம்.