நெட்டைக் கட்டைக்கு ஒரு சந்து

நடுவர் அவர்களே, அவையோரே, சுங்கை சிப்புட் மக்களே, வணக்கம். புதிர் விளையாட்டு பிள்ளைகளுக்கு ஏற்றதே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னர்ப் பேசிய எதிரணி நண்பர் டெட்ரிஸ் விளையாட்டைக் குறிப்பிட்டு, "விழுகிற கட்டையை அடுக்கப் பழகும் பிள்ளை, வளர்ந்தபின் விறகுதான் அடுக்குவான்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டல் கேட்டதும் கையிலிருந்த குறிப்புகளை மடித்து வைத்துவிட்டேன். நான் விறகு அடுக்கியவரின் மகள். அந்த நண்பருக்கு விடை சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

டெட்ரிஸ் என்றால் என்ன? 1984ஆம் ஆண்டு மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் உருவாக்கியது. 7 வகைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் 4 சதுரங்கள். 10 சதுர அகலமுள்ள இடத்தில் அவற்றைத் திருப்பித் திருப்பி இறக்கி, இடைவெளியில்லாமல் ஒரு வரிசையை நிரப்பினால் அந்த வரிசை மறையும். துப்பாக்கி இல்லை, இரத்தம் இல்லை, படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய எழுத்துகூட இல்லை.

பெட்டியில் அச்சிட்ட வயதைப் பார்த்து வாங்கினால் போதாதா என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் 2003 முதல் விளையாட்டுகளுக்கு வழங்கப்படும் பெகி என்ற வயதுத் தரக்குறியில் 3, 7, 12, 16, 18 என்று எண்கள் உண்டு. உள்ளே அச்சுறுத்தும் காட்சி இருக்கிறதா, வன்முறை இருக்கிறதா என்பன போன்றவற்றைத்தான் அந்த எண் சொல்லும். விளையாட்டு எவ்வளவு கடினம் என்பதை அது கணக்கில் எடுப்பதே இல்லை. 3 என்று போட்டிருப்பதால் மூன்று வயதுக் குழந்தைக்கு அந்தப் புதிர் விளங்கிவிடாது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்தாம் சொல்ல முடியும். கைப்பேசியில் வரும் கேண்டி கிரஷில் ஐந்து உயிரும் தீர்ந்துவிட்டால், அடுத்த உயிருக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லையென்றால் காசு கட்டச் சொல்லும். காசு கேட்கும் புதிரைப் பிள்ளையின் கையில் தனியாகக் கொடுக்கக் கூடாது என்பதில் எதிரணிக்கும் எனக்கும் வேறுபாடே இல்லை.

இப்போது விறகுக்கு வருகிறேன்.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கேம் பாய் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றை, டெட்ரிஸ் அட்டையோடு, என் மகனுக்கு வாங்கி வந்தேன். அவன் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவன். வீட்டின் முன் நடையான அஞ்சடியில் என் அப்பாவின் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து விளையாடுவான். கிடைத்த இடத்தில் கட்டையை இறக்குவான், நடுநடுவே ஓட்டை விழும், குவியல் உச்சியைத் தொடும், ஆட்டம் முடியும், அழுவான். இரண்டு நாள் அப்பா பேசாமல் பார்த்தார். மூன்றாம் நாள் குனிந்து, "ஐயா, ஓரத்துல ஒரு சந்து விட்டு வை. நெட்டக்கட்ட வரும்" என்றார்.

என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பாலெடுக்க மரம் சீவியவர். கிழட்டு மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்த காலத்தில், வெட்டிப்போட்ட கட்டைகளை தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் பின்பக்கம் அடுக்கி வைப்பார். மழைத் தண்ணீர் இறங்கக் கூடாது, காற்று போக வேண்டும், அம்மா ஒன்றை உருவினால் மற்றவை சரியக் கூடாது. அத்தனையும் பார்த்து அடுக்கிய கை அது. கேம் பாயைத் தொட்டே பார்க்காத அந்த மனிதர், ஓரத்தில் ஒரு சதுர அகலச் சந்து மட்டும் காலியாக விட்டு, நீளக் கட்டையை அதில் செங்குத்தாக இறக்கினால் நான்கு வரிசைகள் ஒன்றாக மறையும் என்ற சூட்சுமத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டார்.

மகன் சந்து விட்டான். கோணல் கட்டை வந்தது. சதுரக் கட்டை வந்தது. மறுபடியும் கோணல் கட்டை வந்தது. குவியல் ஏறிக்கொண்டே போனது. "வரலேன்னா என்ன தாத்தா செய்றது?" என்றான், குரல் நடுங்க.

"வரும். வர்ற வரைக்கும் மத்தத ஒழுங்கா அடுக்கு."

வந்தது. நான்கு வரிசையும் ஒன்றாக மறைந்தன. அவன் துள்ளிய துள்ளலில் அப்பாவின் தேநீர்க் குவளை கவிழ்ந்தது. அப்பா சிரித்தார்.

அவையோரே, அம்மா போன பிறகு அப்பா சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். சாப்பிட்டீர்களா என்றால் தலையசைப்பார், மருந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வார், அதோடு சரி. அன்றிரவு அவர் பேரனுக்கு விறகடுக்கைப் பற்றிச் சொன்னார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன், இருட்டில், விளக்கில்லாமல் அம்மா கைதடவியே சரியான கட்டையை உருவிய கதையைச் சொன்னார். நானே கேட்டிராத கதை அது. பேரன் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான்.

அந்தக் கேம் பாய்க்கு நான்கு பேட்டரி போட வேண்டும். வாசற்படி தாண்டாமலிருந்த என் அப்பா, நான் இங்கே புறப்பட்டபோது, கடைவரை நடந்துபோய்த் திரும்பியிருந்தார். சட்டைப்பையில் நான்கு பேட்டரிகள் இருந்தன.